ரொட்டிச் சங்கம் முதல் கடன் சங்கம் வரை: திருமறை கற்பித்த கூட்டுறவு



ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்தில் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து பாடுகிறோம். ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறோம். ஒருவரை ஒருவர் சகோதரர் என்றும் சகோதரி என்றும் அழைக்கிறோம். திங்கட்கிழமை காலையில் அதே சகோதரர் வட்டிக்காரருக்குப் பயந்து பின்வாசல் வழியாக வேலைக்குப் போகிறார். அதே சகோதரி பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காகக் கழுத்திலிருந்த தாலிக்கொடியை அடகுக் கடைக்கு அனுப்புகிறார். பக்கத்து வீட்டில் இருக்கும் நமக்கு அது தெரியும். தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்துவிடுகிறோம். நம்மிடம் மட்டும் என்ன கொட்டிக் கிடக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமையின் சகோதர அன்பு திங்கட்கிழமையின் கடனைத் தீர்க்குமா? இந்தக் கேள்வியை ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெரிய மதகுரு அல்லர், பேராசிரியரும் அல்லர். ஜெர்மனி நாட்டில் மலைப்பாங்கான ஏழைக் கிராமங்கள் சிலவற்றுக்குத் தலைவராக இருந்த சாதாரண அலுவலர். பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்பது அவர் பெயர். அவர் கண்ட விடையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். கிறித்தவரல்லாத நேயர்களும் இதைக் கேட்கலாம். பசியும் கடனும் எல்லா மதத்தார் வீட்டுக்கும் வருபவைதாமே.

முதலில் திருமறை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலில் எருசலேம் நகரத்து முதல் சபையின் வாழ்க்கை சொல்லப்பட்டிருக்கிறது. நிலமும் வீடும் உடையவர்கள் அவற்றை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்தார்கள். அவரவர் தேவைக்கேற்ப அது பகிர்ந்து கொடுக்கப்பட்டது. அவர்களுள் குறைவுபட்டவர் ஒருவரும் இல்லை என்று அந்நூல் கூறுகிறது. அங்கே எல்லாம் சுமுகமாக நடந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறையிட்டார்கள். முறையிட்டவர்களை யாரும் அதட்டி அனுப்பிவிடவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைச் சபையாரே தெரிந்தெடுத்தார்கள்; பங்கீட்டுப் பொறுப்பு அவர்களிடம் கொடுக்கப்பட்டது. அன்பு இருந்தால் மட்டும் போதாது, அதை நடத்திச் செல்ல ஓர் ஒழுங்கும் நம்பத்தக்க ஆட்களும் வேண்டும் என்பதை முதல் சபையே கண்டுகொண்டது.

பிறகு கிலவுதியு இராயன் காலத்தில் பஞ்சம் வந்தது. அந்தியோகியா நகரத்துச் சபையார் தங்கள் தங்கள் திராணிக்குத் தக்கபடி பணம் சேர்த்து யூதேயா நாட்டில் இருந்தவர்களுக்கு அனுப்பினார்கள். கொரிந்து நகரில் பவுல், ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் ஆகிய மூவரும் ஒரே தொழிலைச் செய்தவர்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். ஒரே வீட்டில் தங்கி ஒன்றாக வேலை செய்து பிழைத்தார்கள். அதே கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியபோது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கேற்ப ஒரு தொகையைத் தனியே எடுத்துவைக்கும்படி சொன்னார். இன்று நாம் சேமிப்பு என்று சொல்வதும் இதுதான்.

கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஒருவர் மற்றவருடைய பாரத்தைச் சுமக்க வேண்டும் என்பது ஒன்று. அவனவன் தன் தன் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்பது மற்றொன்று. கேட்பதற்கு இவை ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். பிறர் சுமையைத் தூக்குவதா, என் சுமையை நானே தூக்குவதா? இந்த இரண்டையும் ஒரே வண்டியில் பூட்ட முடியும் என்று காட்டியதுதான் ரைஃபைசன் செய்த தொண்டு.

அவர் 1818ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் ஹாம் என்ற சிற்றூரில் பிறந்தார். வெஸ்டர்வால்டு என்று அழைக்கப்படும் மேட்டுநிலப் பகுதி அது. மண் வளம் குறைவு, குளிர் அதிகம். ஒன்பது பிள்ளைகளுள் அவர் ஏழாமவர். தந்தையால் குடும்பத்தைத் தாங்க முடியாமற்போகவே, தாயார்தாம் பிள்ளைகளை வளர்த்தார். மேற்படிப்புக்குப் பணம் இல்லை. அவ்வூர்ப் போதகர்தாம் சிறுவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 17 வயதில் இராணுவத்தில் சேர்ந்தார். ஆனால் கண்ணோய் வந்து பார்வை கெடத் தொடங்கியதால் 1843இல் இராணுவத்தை விட்டு விலக நேர்ந்தது. பிறகு அரசாங்க அலுவலில் சேர்ந்து, 1845இல் வையர்புஷ் என்ற ஊருக்கும் அதைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கும் தலைவராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27தான்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. உருளைக்கிழங்குப் பயிரை நோய் தின்றது; தானிய விளைச்சலும் பொய்த்தது. 1846ஆம் ஆண்டு முடிந்து 1847 பிறந்த அந்தக் குளிர்காலத்தில் ஐரோப்பாவின் பல பகுதிகளில் பஞ்சம் தாண்டவமாடியது. வெஸ்டர்வால்டு விவசாயி வீட்டில் மாவு இல்லை. கடையில் இருந்த மாவை வாங்கக் கையில் காசு இல்லை. ரைஃபைசன் மேலிடத்துக்கு எழுதினார். அரசாங்கம் மாவு அனுப்பியது, ஆனால் ரொக்கப் பணம் கொடுப்பவர்க்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பியது. காசு உள்ளவன் எதற்குப் பஞ்ச நிவாரண மாவை நாடி வரப்போகிறான்? ரைஃபைசன் அந்த நிபந்தனையை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏழைகளுக்குக் கடனாக மாவைக் கொடுத்தார். மேலதிகாரியின் கோபத்துக்கு ஆளாகும் செயல் அது; தெரிந்தேதான் செய்தார்.

மாவு எத்தனை நாளைக்கு வரும்? ஆகவே ஊரில் ஓரளவு வசதி படைத்தவர்களை அழைத்து ஒரு நிதி திரட்டச் செய்தார். அந்தப் பணத்தில் வெளியூரிலிருந்து தானியம் வாங்கினார்கள். ஊர்ப் பொதுவில் அடுப்பு கட்டி ரொட்டி சுட்டார்கள். கடை விலையைவிட மிகக் குறைந்த விலையில், கடன் சீட்டின் பேரில், ஏழைகளுக்கு அது கொடுக்கப்பட்டது. இதுதான் வையர்புஷ் ரொட்டிச் சங்கம். வசந்தம் வந்ததும் நடுவதற்கு விதை உருளைக்கிழங்கு வாங்கவும் உதவினார்கள். அறுவடைக்குப் பின் ஏழைகள் கடனைத் திருப்பிக் கட்டினார்கள். ஏழைக்குக் கொடுத்தால் திரும்ப வராது என்று பேசியவர்களின் வாய் அடைத்தது.

ரொட்டியை இனாமாகக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இனாமாக வாங்குபவன் தலைகுனிந்து வாங்குகிறான். அடுத்த முறை கேட்கக் கூசுகிறான், அல்லது கேட்டே பழகிப்போகிறான். கடனாக வாங்கித் திருப்பிக் கட்டுபவனோ நிமிர்ந்து நிற்கிறான். பிறருடைய பாரத்தையும் தூக்கியாயிற்று. அவரவர் பாரத்தை அவரவரே சுமக்கவும் இடம் கொடுத்தாயிற்று. கலாத்தியர் கடிதத்தின் இரண்டு செய்திகளும் அந்த ரொட்டி அடுப்பின் முன்னால் கைகோத்து நின்றன.

1848இல் அவர் பிளாமர்ஸ்பெல்டு என்ற ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கே வேறு விதமான கொடுமையைக் கண்டார். உழவும் எருவும் பாலும் மாட்டை நம்பியே இருந்த ஊர் அது. மாடு வாங்கப் பணமில்லாத விவசாயிக்கு வியாபாரி ஒரு மெலிந்த மாட்டைக் கொடுப்பான். விவசாயி தன் புல்லைப் போட்டு வளர்ப்பான். கன்று ஈன்றதும், மாடு தேறியதும், இலாபத்தின் பெரும்பங்கு வியாபாரிக்குப் போகும். கணக்குப் புத்தகமோ வியாபாரியின் கையில். ஒரு தவணை தவறினால் மாடு போகும். மறு தவணை தவறினால் நிலம் போகும். தோட்டத்துக் கடையில் பற்று எழுதி வாங்கி, மாதக் கடைசியில் சம்பளம் முழுவதையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்த நம் முன்னோரின் கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1849ஆம் ஆண்டு டிசம்பரில் ரைஃபைசன் 60 பேரைச் சேர்த்து ஓர் உதவிச் சங்கத்தை அமைத்தார். அந்த 60 பேரும் வசதியுள்ளவர்கள். அவர்கள் தங்கள் சொத்தைப் பொதுவாகப் பிணைவைத்துக் குறைந்த வட்டிக்குப் பணம் திரட்டினார்கள். மாடுகளை வாங்கி ஏழை விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். விவசாயி ஐந்தாண்டுத் தவணையில் பணத்தைக் கட்டினால் போதும். மாடும் கன்றும் பாலும் அவனுக்கே. மாட்டு வியாபாரியின் பிடி தளர்ந்தது.

1852இல் ஹெடஸ்டார்ப் என்ற ஊரின் தலைவரானார். 1854இல் அங்கும் ஒரு நற்பணிச் சங்கம் தொடங்கினார். கைவிடப்பட்ட குழந்தைகளைப் பராமரிப்பது, வேலையற்றவர்க்கும் சிறையிலிருந்து திரும்பியவர்க்கும் வேலை தேடித் தருவது, கடன் கொடுப்பது என்று பல பணிகளை அது ஏற்றது. எளியவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக இயேசு கூறும் மத்தேயு சுவிசேஷப் பகுதி அவர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது.

இங்கேதான் அவர் வாழ்க்கையின் மிகக் கசப்பான பாடத்தைக் கற்றார். நாளாக ஆக வசதி படைத்தவர்களின் ஊக்கம் குறைந்தது. பஞ்ச காலத்தில் கொடுத்த கை, சாதாரண காலத்தில் பின்வாங்கியது. தமக்கு ஒரு பயனும் இல்லாத சங்கத்துக்காகத் தம் சொத்தைப் பிணைவைக்க எத்தனை பேர் எத்தனை ஆண்டுகளுக்கு முன்வருவார்கள்? சங்கத்தின் பணிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் கடன் கொடுக்கும் பணி மட்டுமே எஞ்சியது. செல்வர்களின் இரக்கத்தை மட்டும் நம்பிக் கட்டிய வீடு நிலைக்காது என்று கண்டார். தம்முடைய பழைய கொள்கையைத் தாமே திருத்திக்கொண்டார். கடன் வாங்குகிறவர்களே சங்கத்தின் உறுப்பினர்களாக வேண்டும். அவர்களே பொறுப்பு ஏற்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1862இல் அன்ஹவுசன் என்ற ஊரிலும், 1864இல் ஹெடஸ்டார்ப்பிலும் அவ்வாறே கடன் சங்கங்கள் அமைந்தன. உலகெங்கும் பரவிய கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இவையே முன்னோடிகள்.

அந்தச் சங்கம் எப்படி இயங்கியது? அதன் விதிகளை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, சங்கத்தின் எல்லை சிறியது. ஒரு கிராமம், அல்லது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த சில கிராமங்கள், அவ்வளவுதான். யார் உழைப்பாளி, யார் குடிகாரர், யார் சொன்ன சொல் தவறாதவர் என்று ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும். பிணையாக நகை கேட்காமல் நாணயத்தைக் கேட்டார்கள்.

இரண்டாவது, உறுப்பினர் அனைவரும் சங்கத்தின் கடனுக்குக் கூட்டாகப் பொறுப்பாளிகள். இது கேட்கவே அச்சம் தரும் விதி. ஆனால் இதுவே அந்தச் சங்கத்தின் உயிர்நாடி. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லயத்தில் 20 குடும்பங்கள். தனித்தனியே போனால் எவருக்கும் வங்கியில் கடன் கிடைக்காது. அவசரத்துக்கு மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 100 வெள்ளி வாங்கினால், ஓர் ஆண்டில் வட்டி மட்டும் 120 வெள்ளி. அசல் அப்படியே நிற்கும். அந்த 20 குடும்பங்களும் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று கையெழுத்திட்டு, மாதம் 5 வெள்ளி சேமித்தால், மாதத்துக்கு 100 வெள்ளி சேரும்; ஆண்டுக்கு 1,200 வெள்ளி. அதிலிருந்து ஒருவருக்கு மாதம் நூற்றுக்கு ஒரு வெள்ளி வட்டிக்கு 100 வெள்ளி கொடுத்தால், ஆண்டு வட்டி 12 வெள்ளி. அந்தப் பன்னிரண்டும் வெளியாருக்குப் போகாமல் பொது நிதியிலேயே சேரும். அத்தோடு, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய பணத்தை என்ன செய்கிறார் என்று கேட்கும் உரிமையும் மற்றவர்க்கு வந்துவிடுகிறது.

மூன்றாவது, ஆக்கவேலைக்கே கடன். விதை, மாடு, கருவி, வீட்டுப் பழுது என்று எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லி வாங்க வேண்டும். திருப்பிக் கட்ட விளைச்சலுக்கு ஏற்ற நீண்ட தவணை தரப்பட்டது.

நான்காவது, தலைவரும் குழுவினரும் சம்பளம் வாங்கக் கூடாது. கணக்கு எழுதுபவருக்கு மட்டுமே ஊதியம்.

ஐந்தாவது, மிஞ்சிய இலாபத்தை உறுப்பினர்கள் பங்கு பிரித்துக்கொள்வதில்லை. அது பிரிக்கமுடியாத பொது நிதியாகத் தங்கும். இன்று சேர்த்தது நாளை வருபவர்க்கும் பயன்படும்.

இந்த விதிகளை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதே காலத்தில் நகரத்துக் கைவினைஞரிடையே கடன் சங்கங்களை வளர்த்த சுல்ட்ஸ் டெலிட்ஷ் என்பவர் ரைஃபைசனைக் கடுமையாக எதிர்த்தார். உறுப்பினர்கள் பங்குத்தொகை கட்ட வேண்டும், அதற்கு ஈவு தர வேண்டும், கடன் குறுகிய காலத்துக்கே தர வேண்டும் என்பது அவர் வாதம். நகரத்துத் தச்சருக்கும் செருப்புத் தொழிலாளருக்கும் அது பொருந்தியது. ஆண்டுக்கு ஒருமுறை அறுவடை செய்பவனுக்குப் பொருந்தவில்லை. இருவரும் தத்தம் மக்களின் நிலையைப் பார்த்தே விதி வகுத்தார்கள் என்பதே உண்மை.

ரைஃபைசனின் சொந்த வாழ்க்கை துன்பம் நிறைந்தது. 1863இல் மனைவி எமிலி இறந்தார். அந்தக் காலத்திலேயே அவரையும் கொடிய காய்ச்சல் தாக்கியது. ஏற்கெனவே மங்கியிருந்த கண்பார்வை மேலும் குன்றியது. நாற்பத்தேழாம் வயதில் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கிடைத்த ஓய்வூதியம் குடும்பத்துக்குப் போதவில்லை. சுருட்டுத் தொழிற்சாலை வைத்தும், பிறகு திராட்சை மது வியாபாரம் செய்தும் பிழைத்தார். ஊருக்கெல்லாம் கடன் சங்கம் அமைத்தவர் அதிலிருந்து தமக்கென ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை. 1866இல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். மகள் அமாலியா தந்தையின் கண்ணாக இருந்தார். கடிதங்களை அவர் படித்துக் காட்டுவார். தந்தை சொல்லச் சொல்ல எழுதுவார். கூட்டுறவு வரலாற்றில் அந்த மகளின் உழைப்புக்கும் இடம் உண்டு. 1888ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், எழுபது வயது நிறைவதற்குச் சில நாட்களே இருக்கும்போது, ரைஃபைசன் காலமானார். மக்கள் அவரைத் தந்தை ரைஃபைசன் என்றே அழைத்தார்கள்.

அவர் புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர். ஆயினும் அவர் வகுத்த முறையைக் கத்தோலிக்கக் குருமார்களும் தம் பங்குகளில் ஏற்று நடத்தினார்கள். இரு சபையாருக்கும் இடையே கசப்பு மிகுந்திருந்த காலம் அது. இறையியலில் ஒத்துப்போகாதவர்கள் விதை வாங்குவதிலும் கணக்கு எழுதுவதிலும் ஒத்துழைத்தார்கள்.

அவரிடம் குறையும் இருந்தது. அதையும் சொல்வதே நேர்மை. வட்டிக் கொடுமையைக் கண்டித்து எழுதியபோது, அவர் யூத வணிகர்களை இனத்தைச் சுட்டிக் குற்றம் சாட்டினார். அது அக்காலத்தில் அங்கே பலரிடம் பரவியிருந்த நோய். வட்டிக் கொடுமை ஒருவனின் பேராசையிலிருந்து பிறப்பது, பிறப்பிலிருந்து அன்று. வரலாறு இதற்கு ஒரு நல்ல விடையைத் தந்தது. இத்தாலியில் பதுவா நகருக்கு அருகிலுள்ள லொரெஜ்ஜியா என்ற ஊரில் 1883இல் ரைஃபைசன் முறையில் முதல் கிராமக் கடன் சங்கத்தை நிறுவியவர் லியோனே வொல்லம்போர்க். அவர் யூதர். ஒரு கிறித்தவர் கண்ட முறையைக் கொண்டு கிறித்தவ விவசாயிகளை ஒரு யூதர் கடனிலிருந்து மீட்டார். சமாரியன் உவமையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதில் வியப்படைய வேண்டியதில்லை.

இந்தக் கதைக்கும் தமிழ் மண்ணுக்கும் நேரான தொடர்பு உண்டு. விவசாயிகளின் கடன் சுமையைப் பற்றி ஆராயும்படி சென்னை மாகாண அரசு 1892இல் பிரெட்ரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைப் பணித்தது. அவர் ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் இரண்டு பகுதிகளாக அறிக்கை அளித்தார். ரைஃபைசனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அவர் முடிவு. அந்த முறையை நடத்தத்தக்க தன்னலமற்ற ஆள் ஒவ்வோர் ஊரிலும் வேண்டும் என்பது அதன் கருத்து. 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களுக்குக் கூட்டுப் பொறுப்பு விதியையே அச்சட்டம் வைத்தது. அதே ஆண்டில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூர் கிராமத்தில் கடன் சங்கம் தோன்றியது. வெஸ்டர்வால்டின் ரொட்டி அடுப்பில் மூட்டிய தீ நம் முன்னோர் ஊர்ப்பக்கம் வந்து சேர 57 ஆண்டுகள் ஆயின.

மலாயாவில் 1922ஆம் ஆண்டு கூட்டுறவுச் சட்டம் வந்தது. பின்னர் தோட்டத் தொழிலாளரிடையேயும் சிக்கன நாணயச் சங்கங்கள் தோன்றின. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் போக்கு பரவியது. தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். அந்த நிலையில் 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். பால்மரம் வெட்டியவர்களே தோட்டத்தில் பங்குடையவர்கள் ஆனார்கள். கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் அவ்வாறு வாங்கப்பட்டது. இது ஒரு கிறித்தவ அமைப்பு அன்று; எல்லா மதத்தாரும் சேர்ந்தது. ஆனால் பத்து வெள்ளி கொடுத்த ஒவ்வொருவரும் செய்தது, பிறர் பாரத்தில் கைகொடுத்துத் தம் பாரத்தையும் தாமே சுமந்த அதே செயல்தான்.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நம் வீட்டுக்கு எதை எடுத்துப்போவது?

பெரிய சங்கம் தொடங்குவதற்கு முன்னால் சிறிய கூட்டுறவு தொடங்கலாம். பிள்ளைகளின் பாடநூலுக்காக நான்கு குடும்பங்கள் மாதந்தோறும் ஒரு தொகையை எடுத்துவைக்கலாம். அரிசியும் எண்ணெயும் மூட்டையாகவும் டின்னாகவும் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் சில்லறை விலையில் போகும் காசு மிஞ்சும். ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது அவர் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்று முன்னதாகவே முறை வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்குச் சட்டம் வேண்டியதில்லை.

ஆனால் பணம் சேரத் தொடங்கியதும் ஒழுங்கு வேண்டும். அண்ணன் தம்பி என்பதால் கணக்கு வேண்டாம் என்று தொடங்கிய சீட்டுகள் அண்ணன் தம்பியைப் பிரித்துவிட்டதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரே ஆளிடம் பணமும் புத்தகமும் இருக்கக் கூடாது. மாதந்தோறும் கணக்கை எல்லார் முன்னிலையிலும் படிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் விளங்கும்படி படிக்க வேண்டும். கேள்வி கேட்பவரைப் பகைவராக நினைக்கக் கூடாது. எருசலேம் சபையில் விதவைகளுக்காக முறையிட்டவர்கள் சபையைக் கெடுக்கவில்லை, அதைத் திருத்தினார்கள். தொகை பெருகினால் சட்டப்படி பதிவு செய்துகொள்வதே எல்லாருக்கும் பாதுகாப்பு. கூட்டுப் பொறுப்புக் கையெழுத்து விளையாட்டன்று. நன்கு அறிந்தவர்களோடு மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.

சம்பள நாளன்று மாலையில், பத்து வீட்டுக்காரர்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, ஆளுக்குச் சில வெள்ளிகளை நடுவில் வைத்து, பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளை ஒருத்தி அதை எண்ணி நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாடல் இல்லை, பிரசங்கம் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சொன்ன சகோதரர் என்ற சொல்லுக்கு அங்கேதான் பொருள் கிடைக்கிறது. வரும் சம்பள நாளில் உங்கள் லயத்தில் அந்தத் திண்ணைக் கூட்டத்தை யார் கூட்டப்போகிறீர்கள் என்று இன்றிரவு வீட்டில் பேசிப் பாருங்கள்.